கச்சேரி வாசலும் காவற்கடமையும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், பரவைக் கடலை நோக்கிக் கிடக்கும் கொழும்புத்துறையைப் பற்றிப் பேச்செடுத்தால், முதியவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே முதலிற் சொல்லுவார்கள். பூநகரிக் கரையோடு குடாநாட்டைத் தோணிகளால் இணைத்த பழைய இறங்குதுறை ஒன்று. யோகர் சுவாமிகள் நெடுங்காலம் வாசஞ்செய்த எளிய கொட்டில் மற்றது. ஆயினும் அந்த ஊரிலிருந்து நகரை நோக்கிச் சிறிது தூரம் சென்று, சுண்டிக்குளிப் பக்கமாகப் பழைய பூங்காவின் பெருமரங்களை அடுத்துக் கண்டி வீதியில் ஏறினால், இலங்கையின் அரசியற் சரித்திரத்தில் பிரஜையின் எதிர்ப்புரிமைக்கும் அரசின் காவற்கடமைக்கும் இடையே நேர்ந்த மிகப் பெரிய வழக்குகளுள் ஒன்று எந்த வாசலில் நடைபெற்றதோ அந்த இடத்துக்கு நாம் வந்து சேருகிறோம். அது மாவட்ட நிர்வாகக் காரியாலயமான யாழ்ப்பாணக் கச்சேரியின் வாசல். நியாயஸ்தலத்தில் ஒருநாளும் விசாரிக்கப்படாத வழக்கு அது. அதன் பெரிய குறையும் அதுவேதான் என்பது எனது அபிப்பிராயம்.

சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் 1961 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தபொழுது, கச்சேரியிலே தமது காணி, ஓய்வூதியம், அநுமதிப்பத்திரம் முதலான கருமங்களைத் தம் மொழியிலேயே ஆற்றிவந்த ஜனங்கள், இனி அரசாங்கம் தமக்கு எழுதும் கடிதத்தைத் தாமே வாசித்தறிய மாட்டாத நிலைக்குத் தள்ளப்படுவார்கள் என்ற அச்சம் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. அந்த அச்சத்துக்கு வடிவங் கொடுத்தவர் தமிழரசுக் கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவருடைய தலைமையில் 1961 பெப்ரவரி 20ஆந் திகதி காலையில், தொண்டர்கள் கச்சேரியின் வாயில்களில் அமர்ந்து, உத்தியோகத்தர் உட்செல்லாதபடி வழியை மறித்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. வாயில் வசை இல்லை. அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்ற சங்கற்பம் மாத்திரம் இருந்தது.

பொலிசார் முதலில் அவர்களைத் தூக்கி அப்புறப்படுத்த முயன்றனர்; அது கைகூடாதபோது குண்டாந்தடிகளை எடுத்தனர். பாராளுமன்ற உறுப்பினர்களும் அந்த அடிக்குத் தப்பவில்லை. ஆனால் அடியினாலே கூட்டம் கலையவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அது பெருகியது. கிராமங்களிலிருந்து பெண்களும் முதியோரும் வந்து அமர்ந்தனர். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா ஆகிய இடங்களிலும் கச்சேரிகள் முற்றுகையிடப்பட்டன. ஏப்ரல் முற்பகுதியில் நீதியமைச்சர் சாம் பி. சி. பெர்னாண்டோ செல்வநாயகத்தோடு நடத்திய பேச்சு பலனின்றி முடிந்தது. ஏப்ரல் 14ஆந் திகதி சத்தியாக்கிரகிகள் தமிழரசு அஞ்சற் சேவையென ஒன்றைத் தொடங்கி, தாமே அச்சிட்ட முத்திரைகளை விற்கலாயினர். 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அன்றிரவு இராணுவம் வந்து, அமர்ந்திருந்தவர்களை அடித்து விரட்டியது. ஊரடங்குச் சட்டம் விழுந்தது. தலைவர்கள் கைதாகித் தெற்கே பனாகொடை இராணுவ முகாமில் ஏறத்தாழ ஆறு மாதம் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். 57 நாள் நீடித்த சத்தியாக்கிரகத்துக்கு விடையாக வந்த அவசரகால நிலை, 1963 ஏப்ரல் வரையில், ஈராண்டுக்கு மேலாக, நாட்டின்மேற் கிடந்தது.

இந்தச் சம்பவத்தை நம்மவர்கள் தியாகத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். தியாகம் அதில் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரசின் பக்கத்திலிருந்து எழக்கூடிய கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுப் பார்ப்பது நம் கடமை. ஓர் அரசாங்கக் காரியாலயத்தின் வாசலை வாரக்கணக்காக மறித்துக்கொள்ள எவருக்காவது உரிமை உண்டா? அங்கே ஓய்வூதியத்துக்காகக் காத்திருந்த கிழவரும், காணிக் கருமமாக நெடுந்தூரம் வந்த விவசாயியும் தமிழர்கள்தாமே. அவர்களுடைய அசௌகரியத்துக்குக் கணக்கில்லையா? கூட்டங்கூடும் உரிமை என்பது மற்றவர்களின் வழியை அடைக்கும் உரிமையாக விரியாது என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்லுவார்கள், அது சரியே. கச்சேரி வாசலில் நடந்தது சட்டத்துக்குள் அடங்கிய ஊர்வலம் அல்ல. சட்டத்தை அறிந்தே மீறி, மீறியதற்குரிய தண்டனையை ஏற்க ஆயத்தமாக நின்ற சாத்வீக மறுப்பு. அந்த மறுப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் விடையும் நேரானது: மறித்தவரைக் கைது செய்து, நீதவான் முன் நிறுத்தி, குற்றப்பத்திரம் வாசித்து, அவர் சொல்வதைக் கேட்டுத் தீர்ப்பளிப்பது. சத்தியாக்கிரகிகள் அதற்காகவே அங்கே இருந்தார்கள். அரசுதான் அந்த வழியை எடுக்கவில்லை. கைது செய்தால் வழக்கு வரும். வழக்கு வந்தால் கூண்டில் நிற்பவர் பேசுவார். அவர் பேசினால் தனிச் சிங்களச் சட்டமே விசாரணைக்கு வந்துவிடும். ஆகவே முதல் நாள் தடியையும், பின்னர் பல வாரம் மௌனத்தையும், இறுதியில் அவசரகாலச் சட்டத்தையும் அது தெரிந்தெடுத்தது. இம்மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே. மூன்றிலும் நீதவானுக்கு இடமில்லை.

எதிர்ப்புரிமையையும் பொதுமக்கள் பாதுகாப்பையும் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு தராசை மனத்திற் கொண்டு, ஒரு தட்டில் சுதந்திரத்தையும் மறு தட்டில் அமைதியையும் வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று கருதுவது வழக்கம். இந்த உபமானம் என்னைத் திருப்திப்படுத்தியதில்லை. அமைதி எவ்வளவு வேண்டும், உரிமை எவ்வளவு வேண்டும் என்பதைக் காட்டிலும், பலம் பிரயோகிக்கப்பட்ட பின்பு அதற்கு யார் யாரிடம் பதில் சொல்லுகிறார்கள் என்பதே தீர்மானமான கேள்வியென்று நான் நம்புகிறேன்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சாதாரண வாசகர் அறிந்திருப்பது நன்று. ஏனெனில் இதுபற்றி நம்மிடையே உலவும் கருத்துக்கள் பல பிழையானவை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 14ஆம் உறுப்புரை, பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாகக் கூடும் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரஜைக்கும் அளிக்கிறது. 15ஆம் உறுப்புரை அதற்கு வரம்பு கட்டுகிறது: தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், மற்றவர்களின் உரிமை முதலியவற்றின் பொருட்டுச் சட்டத்தினாலே அதனைக் கட்டுப்படுத்தலாம். இதிலே நுட்பமான ஓரிடம் உண்டு. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் அவசரகால ஒழுங்குவிதிகளும் இங்கே சட்டமாகவே கொள்ளப்படும் என்று அவ்வுறுப்புரை கூறுகிறது. பாராளுமன்றம் கூடி விவாதித்து நிறைவேற்றிய சட்டமும், நிறைவேற்று அதிகாரத்தின் கையொப்பத்தோடு ஓரிரவில் வெளிவரும் விதியும், பிரஜையின் உரிமையைக் குறைக்கும் விஷயத்தில் ஒரே அந்தஸ்தைப் பெற்றுவிடுகின்றன. அவசரகால நிலை என்றதும் இலங்கையிலே உரிமைகள் எவ்வளவு விரைவில் சுருங்கிப்போகின்றன என்பதற்கு இதுவே ஒரு காரணம்.

ஊர்வலத்தைப் பற்றிய விதி அரசியலமைப்பினும் பழையது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் 77ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஊர்வலம் நடத்துவோர், அது தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாத காலத்துக்கு முன், அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டும் என்பதே விதி; அநுமதி பெற வேண்டும் என்பதன்று. பொலிசார் அநுமதி தராவிட்டால் ஊர்வலமே போகமுடியாது என்று நம் ஊர்ச் சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் கருதிக்கொள்வது தவறு. பொது ஒழுங்குக்குப் பங்கம் நேருமெனக் கண்டால், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்பது மெய். ஆனால் தடைக்குக் காரணங் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்மேல் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு மட்டும் தனியாக அநுமதி தேவை. கூட்டம் சட்டவிரோதமானதாக மாறினால், நீதவானோ இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரியோ அதனைக் கலையும்படி கட்டளையிடலாம்; கட்டளைக்குப் பணியாதபோதே பலத்துக்கு இடம் உண்டாகிறது. முதலிற் கட்டளை, பின்னர் அவகாசம், அதற்கும் பின்னரே பலம் என்ற இந்த ஒழுங்கு மாறும்போது என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி.

1974 ஜனவரி 10ஆந் திகதி இரவு, நான்காம் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் நிறைவுக் கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. மண்டபத்துள் இடங்கொள்ளாத ஜனங்கள் வெளியே வீதிவரையிற் பரவி, மேடையை நோக்கி அமர்ந்திருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த பேராசிரியர் நயினார் முகம்மது பேசிக்கொண்டிருந்த வேளையில், வீதியைத் திறக்கவேண்டுமென்று கூறிக்கொண்டு பொலிசார் கூட்டத்துள் நுழைந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, தடியடி நடந்தது, துப்பாக்கிகள் வானை நோக்கி வெடித்தன, மின்கம்பி அறுந்து ஜனங்கள்மேல் வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. அந்தக் கூட்டத்தில் ஆயுதமில்லை, ஆவேசமுமில்லை. தமிழைக் கேட்பதற்காக வீட்டிலிருந்து குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அதிகாரிகள் சொன்ன காரணம் போக்குவரத்து; ஓர் இரவில் சில மணிநேரம் ஒரு வீதி அடைபட்டது என்ற அசௌகரியத்தை நீக்க எடுத்த நடவடிக்கையில் ஒன்பது பேர் மாண்டனர். பொதுமக்கள் பாதுகாப்பு என்ற பெயரிலே நடந்த செயல் பொதுமக்களின் உயிரையே கொண்டுபோனதை நினைக்கும்போது, இத்தனை ஆண்டு கழிந்த பின்பும் நெஞ்சு பதறுகிறது.

அரசாங்கம் விசாரணைக்குழு அமைக்கவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்துப் பிரஜைகளே ஒரு குழுவை நாடினர். உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர்களான ஓ. எல். டி கிரெட்சரும் வி. மாணிக்கவாசகரும், தென்னிந்தியத் திருச்சபையின் முன்னாள் பேராயர் சபாபதி குலேந்திரனும் அதில் அமர்ந்து சாட்சியங்களைக் கேட்டனர். ஆயுதமற்ற பிரஜைகள்மேல் பொலிசார் நடத்திய தாக்குதல் வன்மையானது, அவசியமற்றது என்று அவர்கள் கண்டனர். சட்ட அதிகாரம் இல்லாத அறிக்கை அது. அதனால் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் சிங்களமும் தமிழும் பறங்கியும் ஒருங்கே வாழும் இந்த நாட்டில், ஒரு பறங்கி நீதியரசர் முன் உட்கார்ந்து யாழ்ப்பாணத்துச் சாதாரண மனிதர்கள் நடந்ததைச் சொல்லிப் பதிவுசெய்தார்களே, அரசு மறுத்த விசாரணையைச் சமூகம் தானே நடத்திக்கொண்டதே, அதனை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை. இதற்கு மாறாக, 2018 மே 22ஆந் திகதி தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மேல் துப்பாக்கி வெடித்து 13 பேர் மாண்டபோது, தமிழ்நாட்டரசு ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசனை ஆணையமாக நியமித்தது. அவர் பொலிசாரையும் அதிகாரிகளையும் வன்மையாகக் கண்டித்து அறிக்கை அளித்தார். தண்டனை வருமுன் காலம் நீள்கிறது என்ற மனக்குறை அங்கும் உண்டு. ஆனால் கேள்வி உத்தியோகபூர்வமாகக் கேட்கப்பட்டது.

பொலிசார் செய்த பிழையைப் பேசும்போது, செய்யாது விட்ட பிழையை மறந்துவிடக்கூடாது. 1956 ஜூன் 5ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில், பாராளுமன்றத்துக்கு எதிரே அமர்ந்திருந்த தமிழரசுக் கட்சிச் சத்தியாக்கிரகிகளைக் காடையர் கூட்டமொன்று வந்து தாக்கியது. பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனர். அறுபத்தாறு ஆண்டு கழித்து, 2022 மே 9ஆந் திகதி, அதே காலிமுகத்திடலில் ஜனாதிபதி விலகவேண்டுமென்று வாரக்கணக்காகக் கூடாரமிட்டிருந்த இளைஞர்களை அரசாங்க ஆதரவாளர்கள் தாக்கினர். அன்றும் காவல் காத்தவர்கள் உரிய வேளையில் தடுக்கவில்லை. முன்னர் அடிபட்டவர்கள் தமிழர். பின்னர் அடிபட்டவர்களில் மிகப் பலர் சிங்களவர். முதலாவதைக் கண்டிக்காத நாடு இரண்டாவதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அன்று மாலையே நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். அமைதியாக இருந்தவர்களைக் காலையிற் காக்கத் தவறிய காவற்படையால், இரவில் ஆட்சியாளர்களின் வீடுகளையும் காக்க முடியவில்லை. அமைதியான எதிர்ப்பைப் பாதுகாப்பது பொதுமக்கள் பாதுகாப்பின் ஓர் அங்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எங்கே தேடுவது?

கூட்டத்தின் பொறுப்பையும் பேசவேண்டும். 2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்ட கொடுமையினால் யாழ்ப்பாணம் முழுவதும் கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் 20ஆந் திகதி யாழ்ப்பாண நீதிமன்றத்தின் முன் திரண்ட கூட்டத்தில் ஒரு பகுதியினர் நீதிமன்றக் கட்டடத்தின் மீதே கல்லெறிந்தனர். நீதி வேண்டிச் சென்றவர்கள் நீதிமன்றத்தின் கண்ணாடியை உடைத்தது எவ்வளவு பெரிய முரண்! அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். அவர்களுள் கல்லைத் தொடாதவர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஹர்த்தால் தினத்தில் கடையை மூடுவது கடைக்காரரின் விருப்பம். மூட மறுத்தவரின் கடைமீது கல் விழுந்தால் அந்த விருப்பம் அச்சமாகிவிடுகிறது. வீதியில் டயர் எரித்தால், போதனா வைத்தியசாலைக்குப் போகும் அம்புலன்ஸும் அங்கே நிற்கவேண்டி வரும். கச்சேரி வாசலில் 57 நாள் அமர்ந்தவர்களிடமிருந்து இன்றைய இளைஞர் கற்கத்தக்கது பொறுமை மாத்திரமன்று, கூட்டத்தைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்ட அந்தக் கட்டுப்பாடும்தான்.

ஆயினும் சிலரது கல்லுக்காகப் பலரது உரிமையைப் பறிக்கலாமா? ஜெர்மனியில் புரொக்டோர்ப் என்னுமிடத்தில் அணுமின் நிலையம் அமைப்பதை எதிர்த்து 1981இல் எழுந்த ஆர்ப்பாட்டத்துக்கு விதித்த தடையை ஆராய்ந்த அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 1985இல் அளித்த தீர்ப்பில், ஒரு சிறு கூட்டம் வன்முறையில் இறங்கக்கூடும் என்பதற்காக அமைதியாக வரும் பெருங்கூட்டத்தின் உரிமை அழிந்துவிடாது என்றும், பொலிசார் அமைப்பாளர்களோடு முன்கூட்டியே ஒத்துழைக்க வேண்டும் என்றும் விதித்தது. முன்கூட்டியே பேசுதல் என்ற அந்தச் சாதாரண வழக்கம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருந்தால், 1974இல் வீதியை வேறு வழியாகத் திருப்பிவிடுவது எவ்வளவு எளிதாயிருந்திருக்கும்!

நம் நாட்டு நீதிமன்றமும் சில வேளைகளில் துணிந்து பேசியிருக்கிறது. 1992 ஜூலை முதலாந் திகதி, அரசாங்கத்தின் மேல் அதிருப்தியைக் காட்டும்பொருட்டு எதிர்க்கட்சிகள் நாடெங்கும் மணியடித்தும் பறை முழக்கியும் ஓசையெழுப்பிய ஜனகோஷ எதிர்ப்பைப் பொலிசார் குழப்பியதைப் பற்றிய வழக்கில், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1993இல் தீர்ப்பளித்தபோது, அந்த ஓசையும் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் அடங்குமென்று நீதிமன்றம் கண்டது. 2022 ஓகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்ட மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை, 2023 ஜனவரி இறுதியில் கொழும்பு நீதவான் அச்சட்டத்தின் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். 2022 ஜூலை 17ஆந் திகதி பதில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகால நிலை, பிரஜைகளின் அடிப்படை உரிமையை மீறியதென்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. 1961இல் பனாகொடையிலிருந்தவர்களுக்கு இத்தகைய ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை.

ஆனால் வழி திறந்திருக்கிறது என்பதால் அது எல்லோருக்கும் எட்டுகிறது என்று கொள்ளலாகாது. அடிப்படை உரிமை மனுவை, மீறல் நேர்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திலே சமர்ப்பிக்க வேண்டும். அந்நீதிமன்றம் ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருக்கிறது. கொழும்புத்துறையில் வலைவீசிப் பிழைக்கும் ஒருவர் ஊர்வலத்தில் அடிபட்டு, காயம் ஆறி, வக்கீலைத் தேடி, பணந் திரட்டி முடிப்பதற்குள் அந்த ஒரு மாதம் கழிந்துவிடும். மறுபக்கத்தில், எதிர்ப்பைத் தடுக்க விரும்பும் பொலிசாருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு அருகிலேயே இருக்கிறது. அவசரமென்று சொல்லி, மறுதரப்பைக் கேளாமலே, நீதவானிடம் தடையுத்தரவு கேட்கலாம். 2021 பெப்ரவரி 3ஆந் திகதி முதல் 7ஆந் திகதி வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின்போது பல இடங்களில் இவ்விதமான உத்தரவுகள் பெறப்பட்டன. பேரணி நிற்கவில்லை, கலவரமும் நிகழவில்லை. தடையுத்தரவு கேட்பவர் என்ன ஆபத்தைக் கண்டார், அதற்கு என்ன ஆதாரம் என்பதை நீதவான் இன்னும் கடுமையாக வினவ வேண்டுமென்பது என் விண்ணப்பம்.

இன்னுமொன்று, வடக்கிலே வாழ்பவர்களுக்கு மிக அணுக்கமானது. கலைந்து போகும்படி இடும் கட்டளையே பலப்பிரயோகத்துக்கு வாசலாக இருக்கிறது என்று மேலே கூறினேன். அந்தக் கட்டளை, கேட்பவர்களுக்கு விளங்காத பாஷையில் இடப்பட்டால் அது கட்டளையாகுமா? 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் தமிழை வட கிழக்கின் நிர்வாக மொழியாக அரசியலமைப்பிலே எழுதிவைத்தது; ஆயினும் வடக்கின் பொலிஸ் நிலையங்களில் தமிழ் சரளமாகப் பேசும் உத்தியோகத்தர் இன்றும் போதியளவில் இல்லை. முறைப்பாடு எழுதும்போது இது அசௌகரியம். ஆத்திரத்தோடு நிற்கும் கூட்டத்தின் முன் இது உயிராபத்து. ஆகவே ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், கூட்டங்களுக்கு அனுப்பப்படும் அணியில் தமிழறிந்த அதிகாரி ஒருவர் கட்டாயமாக இருக்கவேண்டும். எச்சரிக்கை ஒலிபெருக்கியில் தமிழில் மூன்றுமுறை சொல்லப்பட்டு, சொன்ன நேரம் குறிக்கப்படவேண்டும். தடியேந்தி நிற்கும் ஒவ்வொருவரின் இலக்கமும் சட்டையின்மேல் தெரியவேண்டும். துப்பாக்கி வெடித்தால், வெடித்த 24 மணித்தியாலத்துக்குள் அதன் காரணம் எழுத்திலே நீதவானிடம் போய்ச் சேரவேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றறிக்கை போதும்.